வெண்டலின் இசைத்தட்டும் அய்யலூர் ஆட்டுத்தோலும்

1

நேற்று தபாலில் ஓர் இசைத்தட்டு வந்தது. கறுப்பு அட்டை. அதன் நடுவில் ஒரு கிழவரின் இரண்டு கைகள் மட்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னட்டையில் என் பெயரைத் தேடினேன். நன்றி சொல்லும் இடத்தில் பொடி எழுத்தில் பல பெயர்கள் இருந்தன. மூன்று முறை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஷேக் தாவூது இல்லை.

"உங்க பேரு எதுக்கு இருக்கணும்? நீங்க என்ன மேளமா அடிச்சீங்க?" என்றாள் என் மனைவி ஜைனம்பு.

"மேளத்துக்குத் தோலு குடுத்தவன்டி நான்."

"ஆமா, குடுத்த லட்சணம் ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். திண்டுக்கல்லில் நம் ஜமாத் ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். படித்தவர்கள் படித்த மாதிரி எழுதுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நியூ ஜெர்சியில் என் பெயர்ப் பலகை தொங்கும் கடைகள் மூன்று. எம்.ஏ. படித்த இரண்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அதனால் கூச்சமில்லாமல் எழுதுவேன். போன பக்ரீதுக்கு ஷேக் தாவூது வீட்டில் குர்பானி கொடுத்த ஆட்டின் தோல் பள்ளிவாசலுக்கு வரவில்லை, அமெரிக்காவில் விற்றுவிட்டான் என்று பேகம்பூரில் சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு பேசுங்கள்.

2

பதினோரு வயதில் ஊரில் தோல் பதனிடும் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு பஹ்ரைன், அங்கே கார் இருக்கைகளுக்குத் தோல் தைத்தேன். அங்கிருந்து இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தோரு வருடம். பை, செருப்பு, பெட்டி, குதிரைச் சேணம் எதுவாக இருந்தாலும் என் கைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தோலைச் சுண்டிக் காட்டினால் ஆடா, கன்றா, எந்தப் பக்கத்துத் தோல் என்று சொல்வேன். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

வெண்டல் என் வாடிக்கையாளர். எண்பத்திரண்டு வயது கறுப்பினப் பெரியவர். ஜாஸ் இசையில் டிரம் அடிப்பவர். அறுபது வருடமாக மற்றவர்கள் பெயரில் வந்த தட்டுகளுக்கு அடித்தவர். தன் பெயரில் ஒன்று போட வேண்டும் என்று இந்த வயதில் கிளம்பியிருந்தார். எட்டு உருப்படிகள், எல்லாம் அவரே கட்டியவை. பதிவுக்கூடத்தில் இரண்டே நாள் இடம் கிடைத்திருந்தது.

போன வருடம் பக்ரீதுக்கு முந்தைய வாரம், தாளத் தட்டுகள் வைக்கும் பையைத் தைக்கக் கொண்டுவந்தார். முகம் சரியில்லை. காலுக்கு நடுவில் வைத்து அடிக்கும் சின்ன டிரம்மை ஸ்நேர் என்பார்கள். அதில் அவர் கட்டியிருந்த பழைய கன்றுத்தோல் கிழிந்துவிட்டதாம். இப்போது எல்லோரும் பிளாஸ்டிக்தான் போடுகிறார்கள். மெதுவான உருப்படிக்குக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போது தோல்தான் பேசும், பிளாஸ்டிக் இருமும் என்றார். அவர் இங்கிலீஷை நான் தமிழில் எழுதுகிறேன்.

"நான் செய்து தருகிறேன். என் ஊர் ஆட்டுத்தோல். பிறகு கன்றைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்" என்றேன்.

"எவ்வளவு?"

"காசு வேண்டாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. அவருடைய பேஸ் வாசிப்பவர் உடம்பு முடியாமல் விலகிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். என் மகள் ரிஸ்வானா பேஸ் வாசிக்கிறவள். ஆள் உயர வயலின் மாதிரி இருக்குமே, நிற்க வைத்து விரலால் மீட்டுவது, அதுதான். பகலில் பள்ளிக்கூடத்தில் இசை டீச்சர். சாயங்காலம் சின்னச் சின்ன ஹோட்டல்களில் வாசிப்பு.

"உங்கள் தட்டில் என் மகளைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.

வெண்டல் பையை என் பக்கம் நகர்த்தினார். "செவ்வாய்க்கிழமை வரச் சொல்" என்றார். அவ்வளவுதான்.

3

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் குர்பானியை வருடா வருடம் ஊரில்தான் கொடுக்கிறோம். ஜைனம்புவின் தம்பி சிக்கந்தர்தான் அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடிப்பான்.

"மாப்ளே, இந்த வருசம் கறியப் பாக்காத, தோலப் பாரு. முள்ளுக் கீறல் இருக்கக்கூடாது, உண்ணிப் புள்ளி இருக்கக்கூடாது. கடா, கருப்பா இருந்தா நல்லது."

அடுத்த வியாழக்கிழமை சந்தைக்குள் இருந்தே வீடியோவில் வந்தான். ஓர் ஆட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

"மச்சான், இது பதினெட்டாவது ஆடு. மசுர வெலக்கி வெலக்கிப் பாக்குறேன். யாவாரி கேக்குறான், 'பாய், பிரியாணி போடப் போறியளா, சட்ட தைக்கப் போறியளா'ன்னு."

"அவன் கெடக்கான். இடது தொடப் பக்கம் காட்டு."

"ஏ மச்சான், பொண்ணு பாக்க வந்தப்பக் கூட நீங்க எங்க அக்காவ இம்புட்டுப் பாக்கல."

ஆடு முடிவானது. தோலை மூன்று நாள் சுண்ணாம்புத் தண்ணீரில் போட வேண்டும், முடி கழித்துச் சதை வழித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி நிழலில் காயவைக்க வேண்டும், ஆவாரம்பட்டை பக்கமே போகக்கூடாது, பதனிட்டால் டிரம்முக்கு ஆகாது என்று எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"மச்சான், தோலு பள்ளிவாசலுக்குப் போறதுல்ல?"

"சொந்தத்துக்கு வச்சுக்கலாம், அன்பளிப்பாக் குடுக்கலாம். பள்ளிவாசல் ஹஜரத்துகிட்டக் கேளு."

"கேட்டுட்டேன். விக்கத்தான் கூடாது. அறுத்தவனுக்குக் கூலியாக் கூடக் குடுக்கக் கூடாது. வித்தா அந்த வெல ஏழைக்குப் போயிரணும்."

"யாருடா விக்கிறது? சும்மா குடுக்குறேன்" என்று கத்தினேன்.

அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? பக்ரீது அன்றைக்குத் தோல் ஷாப்புக்கு வண்டி வண்டியாகத் தோல் வரும். அங்கே வேலை பார்த்த என் அத்தா, என்னைப் பெற்றவர், இரண்டு நாள் நின்று அம்புட்டுக்கும் உப்புப் போடுவார். கூலி கொடுக்க வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மற்ற நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றாலும் காசு கேட்கிற மனுசன் அவர்.

4

சிக்கந்தர் தோலை வைத்து அனுப்பிய பெட்டி இந்த நாட்டுக்குள் வந்ததும் நின்றுவிட்டது. விமான நிலையச் சோதனை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மிருகத்தின் உடற்பொருள், பத்து நாளைக்குள் வந்து விளக்கம் கொடுக்காவிட்டால் எரித்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. பதிவுக்குப் பதினாறு நாள் இருந்தது. இதற்குள் ரிஸ்வானா வெண்டல் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டி, அவரும் சரி என்று சொல்லியிருந்தார். போனில் அவள் அழுததை அன்றுதான் கேட்டேன். சந்தோஷத்தில் அழுகிற ஆள் இல்லை அவள்.

மூன்று தடவை அலைந்தேன். முதல் தடவை கால்நடை மருத்துவர் சான்று அசல் வேண்டும் என்றார்கள். இரண்டாவது தடவை வேறு படிவம். மூன்றாவது தடவைதான் ஒரு பெண் அதிகாரி உட்காரவைத்துக் கேட்டார்.

"இந்த ஆடு நோயினால் செத்ததா?"

"இல்லை மேடம். மிகவும் ஆரோக்கியமாக இருந்தது. நாங்கள்தான் கொன்றோம்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் பெருநாள், அதில் கொடுக்கும் பலி, அதன் தோல் என்று கை, கால், தலை எல்லாவற்றையும் அசைத்து விளக்கினேன். படிவத்தின் கடைசிக் கட்டத்தை அவரே வாசித்துக் காட்டினார்.

"இது விற்பனைக்கா, அன்பளிப்பா?"

"அன்பளிப்பு."

"இதற்குப் பதிலாக நீங்கள் எதுவும் வாங்கவில்லையே?"

"ஒரு சென்ட் வாங்கவில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அல்லாஹ் சாட்சி.

5

தோலைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டேன். "மனுசர் குளிக்கிறதா, ஆடு குளிக்கிறதா?" என்று ஜைனம்பு ஒரு நாள் முழுக்கத் திட்டினாள். ஊறிய தோலை மர வளையத்தில் மடக்கி, விளிம்பைக் கரண்டிக் காம்பால் உள்ளே திணித்து, அவசரப்படாமல் காயவிட்டேன். ஹீட்டர் பக்கம் வைத்தால் ஓரம் வெடிக்கும். இரண்டு நாள் அதை ஒரு அறையில் பூட்டி வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வெண்டல் வீட்டு நிலவறையில் நானே அதை டிரம்மில் பூட்டினேன். அவர் பிரஷ்ஷை எடுத்து ஒரு வட்டம் தேய்த்தார். கண்ணை மூடினார். இன்னொரு வட்டம். "ஷேக், இந்த ஆட்டுக்கு என்ன பெயர்?" என்றார். எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

அன்றைக்குத்தான் என் மகள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்டேன். அதுவரை கேட்டதில்லை. அவள் வாசிக்கும் இடங்களில் குடிப்பார்கள் என்று நான் போவதில்லை. பள்ளிவாசலில் யாராவது விசாரித்தால் 'டீச்சர்' என்பதோடு முடித்துக்கொள்வேன். பேஸுக்கு உறை தைத்துக் கொடுத்ததோடு சரி. கடைகளில் விற்கும் உறையின் ஜிப் ஆறு மாதத்தில் பல்லை இளிக்கிறது என்று, கூடாரத்துக்குப் போடும் கனத்த பித்தளை ஜிப் வைத்துத் தைத்திருந்தேன்.

அவர்கள் வாசிக்கும் வகைக்கு போஸ்ட் பாப் என்று பெயராம்.

"அப்படின்னா?"

"ரூல் எல்லாம் தெரிஞ்சவங்க, ரூல விட்டுட்டுப் போய்ப் பாக்குறது அத்தா."

ஆரம்பத்தில் டிரம், பேஸ், பியானோ, சாக்ஸபோன் என்று நாலு பேரும் சேர்ந்து ஒரு மெட்டைச் சொல்கிறார்கள். பிறகு ஆளுக்கு ஒரு திசையில் போகிறார்கள். டிரம் அடிப்பவர் தாளம் காட்டிக்கொண்டு கூடவே வருவார் என்று நினைத்திருந்தேன். வெண்டல் அப்படி இல்லை. குறுக்கே மறிக்கிறார், கேள்வி கேட்கிறார், திடீரென்று ஓர் இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். அந்தக் காலி இடத்தில் காலை வைப்பவள் என் மகள். ஒவ்வொரு தடவையும் விழப்போகிறாள் என்று நான் நாற்காலி விளிம்பைப் பிடித்தேன். விழவில்லை. அந்த நேரத்து முகத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. என் வீட்டில் அந்த முகத்தோடு அவள் இருந்ததே இல்லை.

6

பதிவு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு அவள் சாப்பிட வந்தாள். பிரியாணி. நான் சந்தோஷத்தில் இருந்தேன், அதுதான் வினை.

"எந்த டாக்டர் மகளுக்கு, எந்த எஞ்சினியர் மகளுக்கு இது கெடச்சிருக்கு? ஒன் அத்தா அஞ்சாங்கிளாசு. ஒரே ஒரு வார்த்த கேட்டேன், ஒன்னய எடுத்துக்கிட்டாரு."

கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன கேட்டீங்க?"

"தோலு தாரேன், எம் மகளப் போட்டுக்கங்கன்னு கேட்டேன். இதுல என்ன?"

"எப்ப?"

"ஒன்னய வரச் சொல்றதுக்கு முன்னாடிதான்."

"அப்ப அந்த ஆடிஷன்?"

நான் இன்னொரு கரண்டி பிரியாணியை அவள் தட்டில் வைத்தேன். ஜைனம்பு காலால் என் காலை மிதித்தாள். மிதித்து என்ன?

"அத்தா, பத்து வருசமா நான் ஒவ்வொரு வாசலாப் போய் நின்னிருக்கேன். எங்கயும் ஒங்க பேரச் சொன்னதில்ல. மொத மொறையா ஒருத்தர் என் வாசிப்பக் கேட்டு எடுத்தாருன்னு நெனச்சேன். ஒரு ஆட்டுத்தோலுக்கு எடுத்திருக்காரு."

"ஏம்மா, நல்லதுதான செஞ்சேன்?"

"நான் புதன்கிழமை வாசிக்கல."

பெரிதாகக் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. திங்கள் போயிற்று. செவ்வாய் விடிந்தது. வேறு பேஸ் ஆள் பிடிக்க வெண்டலுக்கு நேரம் கிடையாது. எண்பத்திரண்டு வயதில் இன்னொரு முறை இடம் பிடித்து, ஆள் சேர்த்து, கை நடுங்காமல் இருப்பார் என்று யார் சொல்வது?

ஆறுதலுக்கு சிக்கந்தரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், அப்ப நீங்க வெல வாங்கிட்டீங்க."

"என்னடா வெல? பத்துப் பைசா..."

"காசா இருந்தா ஏழைக்குக் குடுத்துட்டுக் கழிச்சிரலாம். இத எப்புடிக் கழிப்பீங்க?"

அதிகாரி மேடம் வாசித்துக் காட்டிய கட்டம் அப்போதுதான் கண்முன் வந்தது. பதிலாக எதுவும் வாங்கவில்லையே? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற என் அத்தாவும் வந்தார்.

செவ்வாய் மத்தியானம் வெண்டல் வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் தலை குனிந்து பேசிய இடங்கள் இந்த நாட்டில் குறைவு. அது ஒன்று. அவர் திட்டவில்லை. ஆட்டுக்காக எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "அவள் சொன்னதை என்னிடமே வந்து சொல்லச் சொல். நாளைக் காலை பத்து மணி. நீ உன் சாமான்களை எடுத்துக்கொண்டு வா" என்றார். அதை அப்படியே ஜைனம்பு போனிலிருந்து அவளுக்குச் செய்தியாக அனுப்பினேன்.

7

பத்து மணிக்கு அவள் இல்லை. பியானோக்காரர் ஜன்னல் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். சாக்ஸபோன்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. பதிவு செய்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பேஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மைக் மட்டும் நின்றது.

பத்து நாற்பதுக்கு வந்தாள். முதுகில் உறையோடு பேஸ். கழற்றவில்லை.

"மன்னிக்க வேண்டும். இதை நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன்" என்று அவரிடம் ஆரம்பித்தாள்.

வெண்டல் கையை உயர்த்தி நிறுத்தினார். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஷேக், கழற்று."

முதலில் எனக்குப் புரியவில்லை. ஸ்நேரைக் காட்டினார். பத்துத் திருகுகள். ஒன்றைத் தளர்த்தினால் அடுத்தது எதிர்ப்பக்கத்தில் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வளையம் கோணும். திருகு சாவி திரும்புகிற சத்தம் மட்டும். அய்யலூரில் பதினெட்டு ஆடு புரட்டி எடுத்த தோல், இனி எங்கே தேடினாலும் கிடைக்காத தோல், என் கையாலேயே தளர்ந்து வந்தது. அவர் ஒரு பிளாஸ்டிக்கை நீட்டினார். அதையும் நானே பூட்டினேன். தோலை என் கையில் கொடுத்தார்.

பிறகு ரிஸ்வானாவிடம் சொன்னார்: "உன் அப்பாவின் பொருள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. என்னிடம் எட்டு உருப்படிகள் இருக்கின்றன. கதவும் திறந்திருக்கிறது."

என்னை வெளியே போகச் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பதிவு செய்பவர் அருகில் வந்து தோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வெண்டல் யாரையும் கேட்காமல், விரலைச் சொடுக்கித் தாளம் எண்ணாமல், தனியாக அடிக்க ஆரம்பித்துவிட்டார். பதிவு செய்பவர் அவசரமாகப் பொத்தானை அழுத்தினார்.

நாலு வீச்சு அடிப்பார், ஓர் இடத்தைக் காலியாக விடுவார். மறுபடி நாலு, மறுபடி காலி. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம். பியானோவும் சாக்ஸும் அதைத் தொடவில்லை. அந்த இடம் யாருடையது என்று எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாதா? கதவு அவளிடமிருந்து நாலு அடி. அவர் வலது கை ஒரு முறை தடுமாறியது. சமாளித்து, முன்னைவிட மெதுவாக, அந்தக் காலி இடத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக விட்டார்.

8

அந்தத் தோலை எங்கள் பகுதியில் இல்லாதப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றின் இசை அறைக்குக் கொடுத்துவிட்டேன். பெயர் சொல்லாமல் கொடுத்தேன். இங்கே சொல்லிவிட்டேன், அது வேறு. கழிந்ததா இல்லையா என்று ஹஜரத்தைத்தான் கேட்க வேண்டும். இந்த வருடத் தோல் பள்ளிவாசலுக்கு வந்துவிடும், சிக்கந்தரிடம் சொல்லிவிட்டேன்.

ரிஸ்வானா இப்போது ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. வியாழக்கிழமை வருகிறாள். அவள் வேலையைப் பற்றி நான் யாரிடமும் சிபாரிசுக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை. ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று தட்டைப் போட்டுக் கேட்டோம். முதல் உருப்படி டிரம் மட்டும் தனியாகத் தொடங்குகிறது. ஒன்றே முக்கால் நிமிடம் தனியாகவே போகிறது. பெரியவர் தன் அறுபது வருடத்தை அந்தத் தனியில் சொல்லியிருக்கிறார் என்று விவரம் தெரிந்த யாரோ அட்டையில் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். அது என் மகள் உறையைத் திறக்காமல் நின்ற நேரம்.

அது முடியும் இடத்தில், இரண்டு அடிகளுக்கு நடுவில், நீளமாகக் கரகரவென்று ஒரு சத்தம் வரும். பதிவு செய்பவர் அதை எடுத்துவிடலாம் என்றாராம். வெண்டல் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதற்கு அடுத்த சுற்றில் பேஸ் உள்ளே வருகிறது.

ஜைனம்புவை அந்த இடத்தை மூன்று தடவை போட்டுக் கேட்கவைத்தேன். அது பித்தளை ஜிப். தைத்தவன் நான்.